செங்கோடன் வாசலுக்கு வந்த பரிசத் தட்டு

டெய்லர் ஷாஹுலுக்குத் துணி வெட்டத் தெரியும், காஜா எடுக்கத் தெரியும், அழுகிற பிள்ளைக்குக் கூட அளவெடுக்கத் தெரியும். எழுபது வளைவு தாண்டி பஸ்ஸில் மலை ஏற மட்டும் தெரியாது. அடிவாரத்தில் காரவள்ளி தாண்டி முதல் வளைவு திரும்பும்போதே எலுமிச்சம்பழத்தை மூக்குக்கு அடியில் பிடித்துக்கொள்வார். பத்தாவது வளைவில் கண்ணை மூடுவார். அதற்குமேல் நடப்பதையெல்லாம் கண்டக்டரைக் கேட்டால்தான் தெரியும்.

"பாய்க்கு ஜன்னலோர சீட்ட உடுங்கப்பா. அப்பறம் உங்க வேட்டிக்கு நான் பொறுப்பில்ல" என்று கண்டக்டர் ஏறும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுவார்.

இருந்தும் ஷாஹுல் சந்தை நாள் தவறாமல் சேந்தமங்கலத்திலிருந்து மேலே போனார். மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் ஜாபர் உசேனின் மிளகுக் கடை முன்னால் அவருடைய தையல் மிஷின் கிடந்தது. ஜாபர் உசேன், ஷாஹுலின் மனைவி மெஹ்ரினுக்குத் தாய்மாமன். மலைக்காரர்கள் அங்கே ரவிக்கைத் துணியும் கிழிந்த டவுசரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கீழே ஊருக்குள் தெருவுக்குத் தெரு டெய்லர் இருந்தார்கள். மேலேதான் பிழைப்பு.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆனி மாசத்தில், அவர்கள் குடியிருந்த வீட்டுக்காரர் வாடகையை ஒரே அடியாக ஒன்றரை மடங்கு ஆக்கினார். முடியாவிட்டால் ஆடி முடிவதற்குள் காலி செய்துவிடலாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். ஷாஹுலும் மெஹ்ரினும் ஊரெல்லாம் அலைந்தார்கள். வாடகை கட்டுப்படியான வீட்டில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்த வீட்டில் அட்வான்ஸ் கட்டுப்படியாகவில்லை. இரண்டும் இருந்த ஒரு வீட்டில், மிஷின் சத்தம் ஆகாது என்றார்கள்.

"ஏனுங்க, மேலயே ஒரு ஊடு பாத்தா என்ன?" என்றாள் மெஹ்ரின். "வாரம் பூராவும் தைக்கலாம். நீங்களும் பஸ்ஸில நாறடிக்க வேண்டியதில்ல."

சோளக்காட்டில் கடைவீதிக்குப் பின்னால் ஒரு காண்ட்ராக்டர் வரிசையாக ரூம் கட்டி விட்டிருந்தார். அதற்குக் கேட்ட அட்வான்ஸுக்குப் புது மிஷினே வாங்கிவிடலாம். அதை விட்டால் மலையில் வாடகைக்கு என்று ஒரு வீடும் கிடையாது. கேட்டுக்கேட்டுப் போனதில், மலைக்காரர்கள் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான பெரக்கரை நாட்டில், செங்கோடன் என்ற விவசாயியின் வீட்டுக்கு அடுத்தாற்போல் அவருக்கு இன்னொரு வீடு சும்மா கிடப்பது தெரிந்தது. மகன் வேல்முருகனுக்காகக் கட்டியது. அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஓட்டு வீடு, பின்னால் ஒரு பலா மரம், கொஞ்ச தூரத்தில் ஊற்று. ஷாஹுலுக்குப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

"இருந்துக்க பாய். சாவி பொன்னம்மாகிட்ட இருக்குது" என்றார் செங்கோடன், மரவள்ளிக் கிழங்கிலிருந்து மண்ணைத் தட்டியபடி. பொன்னம்மாள் அவர் மனைவி.

"வாடகை எவ்வளவுங்க கவுண்டரே?"

"எதுக்கு?"

"ஊட்டுக்குங்க."

"ஊட்டுக்கு எதுக்கு வாடகை? ஊடு என்ன லாரியா?"

ஷாஹுல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். செங்கோடன் அசையவில்லை. "மாட்டக் கட்ட எடம் குடுத்தாக்கூட நாங்க காசு வாங்கறதில்ல. மனுசனத் தங்க வெச்சுக் காசு வாங்கினா நாளைக்கு எம்பட மூஞ்சில எவன் முழிப்பான்? போய்ப் பொண்டாட்டியக் கூட்டிட்டு வா."

காசில்லாமல் வீடு கிடைத்தது என்று ஷாஹுல் துள்ளிக்கொண்டு வந்து சொன்னார். மெஹ்ரின் துள்ளவில்லை.

"ஓசி ஊட்ல எத்தன நாளைக்குங்க இருக்கறது? அவங்க பையன் வந்து நின்னா மறு பேச்சுப் பேச முடியுமா? மூட்டையத் தூக்கிட்டு மறுபடியும் தெருத் தெருவாப் போகணும். வாடகை வாங்கிக்கிட்டாங்கன்னா அந்த ஊட்ல நமக்கும் ஒரு பாத்தியத இருக்கும். இல்லீன்னா நான் வரல்லீங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை என்று ஷாஹுலுக்கும் பட்டது. ஆனால் வாங்க மாட்டேன் என்பவர் கையில் எப்படித் திணிப்பது? ஜாபர் உசேனிடம் யோசனை கேட்டார். அவர் முப்பது வருஷமாக மலையில் மிளகு வாங்குகிறவர். மலை முழுக்கத் தன் சட்டைப் பைக்குள் இருப்பதாகப் பேசுவார். மூன்று மணி பஸ்ஸுக்குக் கீழே இறங்காத நாள் அவர் வாழ்க்கையில் ஒன்றுகூடக் கிடையாது.

"நீ காசக் கையில நீட்டியிருப்ப மாப்ள. அதான் அவருக்குக் கோவம். தட்டுல வெத்தல பாக்கு பழத்தோட மரியாதையா வெச்சுக் குடு. நாலு பேரு பாக்கறப்ப குடு. எவனும் மறுக்க மாட்டான். மலைக்காரங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அடுத்த வாரம் மூவரும் போனார்கள். ஷாஹுல் சலவைச் சட்டை போட்டிருந்தார். மெஹ்ரின் தன் யோசனையாகத் தட்டில் மல்லிகைப் பூவும் சேர்த்தாள். வீட்டுக்காரம்மாவை வெறும் கையோடு பார்க்கக் கூடாது என்று ஒரு சேலையும் மடித்து வைத்தாள். அட்வான்ஸ் பணம் ஆயிரம் ரூபாய் வெற்றிலையின் மேல் இருந்தது. செங்கோடன் வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ராகி புடைத்துக்கொண்டிருந்தார்கள். மெஹ்ரின் தலையில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, செங்கோடன் முன்னால் வைத்தாள்.

"நீங்க மறுக்காம வாங்கிக்கணும்ங்க" என்றார் ஷாஹுல் பணிவாக.

முறங்கள் நின்றன. செங்கோடன் தட்டைப் பார்த்தார். பூவைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், பணத்தைப் பார்த்தார். பிறகு வீட்டு வாசற்படியில் நின்ற தன் மகள் யமுனாவைப் பார்த்தார். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வந்திருந்தவள் அவள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அந்த ஊரில் பெண் கேட்டு வருகிறவர்கள் பரிசப் பணத்தை இப்படித்தான், இதே சாமான்களோடு, நாலு பேர் பார்க்க, பெண்ணைப் பெற்றவன் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள்.

"அடி ஆத்தா!" என்றாள் ஒருத்தி. "மூத்த பொண்டாட்டியே தட்டத் தூக்கிட்டு வந்துட்டா பாரு!"

மெஹ்ரினுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்திலிருந்தவள் புரிய வைத்ததும், முக்காட்டை முகத்துக்கே இழுத்து மூடிக்கொண்டாள். ஷாஹுலுக்கு எழுபது வளைவும் ஒரே நேரத்தில் சுற்றியது. ஜாபர் உசேன் இரண்டடி பின்னால் நகர்ந்து, தனக்கும் இந்தக் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லாதவர் போலப் பலா மரத்தில் காய் எண்ணத் தொடங்கினார்.

முதலில் சிரித்தது யமுனாதான்.

"எனக்கு வேண்டாம்ப்பா. சொன்ன தேதிக்கு ஒரு ஜாக்கெட் தைச்சுக் குடுத்ததில்ல இவரு. கல்யாணத்துக்கு என்னிக்கு வருவாரோ!"

வாசலே குலுங்கியது. செங்கோடனும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து ஓய்ந்தபின் தட்டை ஷாஹுல் பக்கம் தள்ளப் போனார். அதற்குள் பொன்னம்மாள் அவர் கையைப் பிடித்தாள்.

"இருங்க. எல்லாரும் பாக்க வாசல்ல வெச்ச தட்டு. ஒண்ணும் குடுக்காம திருப்பி அனுப்பினா அவங்களுக்குக் கேவலம். நம்ம ஊட்டுக்கும் ஆகாது."

"அதுக்குப் பொண்ணக் குடுக்கச் சொல்றியா?"

"பொண்ண எவ சொன்னா? ஊட்டக் குடுங்க. அதுக்குத்தான வந்திருக்காங்க? வாடகைன்னு வாங்கினாத்தான் கேவலம். இது பரிசம்."

புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் "சரிதானுங்க", "சொல்லறது நாயந்தான்" என்றார்கள். செங்கோடன் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில் ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பொன்னம்மாள் தட்டை உள்ளே எடுத்துப்போய், சாவியை வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"இது அட்வான்ஸுங்க அம்மா" என்றார் ஷாஹுல், அப்போதும் கணக்கை விடாமல். "மாசா மாசம் எவ்வளவுன்னு..."

"எந்த ஊர்ல சாமி, மாப்பிள்ள மாசா மாசம் பரிசம் போடறான்? வருசத்துக்கு ஒருக்கா, இதே மாதிரி தட்டு. போய்ச் சாமானக் கொண்டாங்க."

ஆடி முடிவதற்குள் அவர்கள் மலை ஏறிவிட்டார்கள். அன்றைக்கும் ஷாஹுல் பாதி வழியில் வாந்தி எடுத்தார். இனிமேல் எப்போதாவதுதான் இந்தக் கஷ்டம் என்பதால், வாயைக் கொப்பளித்துவிட்டுச் சந்தோஷமாகவே ஏறி உட்கார்ந்தார். பெரக்கரை நாட்டுப் பிள்ளைகள் அவரை "மாப்ள டெய்லரு" என்றே கூப்பிட்டார்கள். யமுனாவுக்கு நிஜமாகக் கல்யாணம் நடந்தபோது, ஜாக்கெட்டெல்லாம் இரண்டு நாள் முன்னதாகவே தைத்துக் கொடுத்துவிட்டார்.

இரண்டாயிரத்து மூன்றில் வேல்முருகன் திருப்பூரை விட்டுத் திரும்பி வந்தான். அவனுக்குப் பெண் பார்த்து முடித்தார்கள். கட்டிக்கொண்டு வருகிறவளோடு இருக்க வீடு வேண்டும். அந்தச் சேதி வந்த நாளிலிருந்து ஷாஹுலுக்குத் தையல் நேராக ஓடவில்லை. மெஹ்ரின் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

ஒரு நாள் காலையில் செங்கோடன் வீட்டு வாசலில் சத்தம் கேட்டது. ஷாஹுல் மிஷினை நிறுத்தினார்.

"எனக்குன்னு கட்டின ஊடுதானப்பா அது?" என்றான் வேல்முருகன்.

"கட்டினேன். இல்லீங்கல. நீ திருப்பூருக்குப் போயிட்ட. ஊரு பாக்கப் பரிசம் வாங்கியாச்சு, வருசம் தவறாம தட்டு வருது. திருப்பிக் கேட்டா எம்பட மொகத்த எங்க வெச்சுக்கறது? மேக்கால எடம் கெடக்குது. கல்லு அடிக்கச் சொல்லியாச்சு. புதுசா கட்டிக்க."

கொஞ்ச நேரம் கழித்து வேல்முருகன் ஷாஹுல் வாசலுக்கு வந்தான். முகத்தை உர்ரென்று வைத்திருந்தான். ஆனால் உதட்டோரம் சிரிப்பு அடங்கவில்லை.

"ஏனுங்க மச்சான், பொண்ணக் கட்டாமலே எம்பட ஊட்டத் தட்டிட்டீங்க. கல்யாணச் சட்டையாவது ஒழுங்காத் தைப்பீங்களா? முழுக்கை."

ஷாஹுல் டேப்பை எடுத்தார். அளவு சொல்லச் சொல்ல மெஹ்ரின் எழுதிக்கொண்டாள். அவர் என்ன சொன்னாரோ, அவள் என்ன எழுதினாளோ, இரண்டு பேருக்கும் அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது. கல்யாண போட்டோவில் வேல்முருகன் முழுக்கைச் சட்டையின் இரண்டு கையையும் முழங்கை வரை மடித்து விட்டுக்கொண்டுதான் நிற்கிறான்.