கண்ணாடிக்குள் ஒற்றை வயர்

நாவற்குடாவில் வீட்டு முன்னறையில் இருந்து கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் தொழில். பழைய கணினி அந்தப் பாரத்தை இழுக்கவில்லை. அதனால் கட்டாரில் இருக்கும் தம்பியிடம் சொல்லி, விலை கூடிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்றை எடுப்பித்தேன். அதை வைத்துப் புதுக் கணினி ஒன்று பூட்டித் தரும்படி டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டி, நீல லைட், பெரிய பவர் சப்ளை எல்லாம் அவர்களே போட்டார்கள். மணவறை மாதிரி மினுங்கியது.

முதலில் வந்தது வாகரைக் கலியாணம் ஒன்று. மாப்பிள்ளை வெள்ளிக்கிழமை வெளிநாடு திரும்புகிறார், அதற்குள் எல்லோரும் ஒன்றாக இருந்து பார்க்க வேண்டும் என்று பெண்ணின் தாய் கேட்டிருந்தார். தருகிறேன் என்றேன். ஆனால் வெட்டிய துண்டுகளை முழு வீடியோவாக ஆக்கத் தொடங்கியதும் கணினி பட்டென்று நின்றது. திரும்பப் போட்டேன். திரும்ப நின்றது.

கடைக்கு ஃபோன் எடுத்தேன்.

"அது உங்கட வீட்டுக் கரண்ட் அக்கா. வாவிக்கரைப் பக்கம் வோல்டேஜ் காணாது."

வயரிங் செய்பவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வீட்டுக் கரண்டில் ஒரு பிழையும் இல்லை. திரும்பவும் கடைக்கு ஃபோன் எடுத்தேன்.

"அப்ப உப்புக்காத்தா இருக்கும். வீட்டில ஆம்பிளைகள் இருந்தா ஃபோனைக் குடுங்களன்."

"காசு தந்தது நான். என்னோட கதை."

பக்கக் கண்ணாடியை நானே கழற்றினேன். கார்டில் கரண்ட் எடுக்க இரண்டு வாய்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பவர் சப்ளையில் இருந்து தனி வயர் வர வேண்டும். இவர்களோ ஒரே வயரின் நுனியில் கிளைத்த இரண்டு தலைகளையும் இரண்டு வாயிலும் செருகியிருந்தார்கள். ஒரு தலை பழுப்பேறிக் கருகல் மணத்தது. மற்ற வயர், பவர் சப்ளை வந்த பெட்டிக்குள் பொலித்தீன்கூடப் பிரிக்காமல் கிடந்தது.

கணினியை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். அன்று வெள்ளிக்கிழமை.

கடைக்காரன் கூச்சமே இல்லாமல் சொன்னான்: "ரெண்டு வயர் தெரிஞ்சா கண்ணாடிக்குள்ள வடிவில்லை அக்கா. சனம் அப்பிடித்தான் கேக்கிறது."

"நான் என்ன, இதைப் பொம்பிளை பாக்கிற வீட்டுக்கா கொண்டு போறன்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "இது இவ்வளவு கரண்ட் தின்னும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்று கடைக்காரன் முணுமுணுத்தான். தெரியாதவன் ஏன் பூட்டினான்? தெரியாமல் பூட்டிவிட்டு ஏன் என் வீட்டையும் வாவியையும் குற்றம் சொன்னான்? அங்கேயே நின்று, கருகிய வயரைக் கழற்றி இரண்டு புது வயர் போடுவித்தேன்.

அதன்பிறகு கணினி நிற்கவில்லை. ஆனால் வீடியோ முடியும்போது மாப்பிள்ளை விமான நிலையத்தில் நின்றார். ஃபோனுக்குத்தான் அனுப்ப முடிந்தது.

அடுத்த நாள் பெண்ணின் தாய் பேசினார். "மாப்பிள்ளைக்கு அந்தச் சின்ன ஃபோனில தாலி கட்டினது தெரிஞ்சதாம் புள்ள. சனத்திட முகம் ஒண்டும் விளங்கல்லையாம். நாங்க டீவியெல்லாம் துடைச்சு வச்சிக்கிட்டு இருந்தம்."

அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். நான் கடைக்காரனுக்கு ஃபோன் எடுத்து, "அந்த அம்மாட நம்பரைத் தாறன். வயர் வடிவா இருந்த கதையை நீயே அவங்களுக்குச் சொல்லு" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டான்.