ராஜாமணி அக்கா மன்னிக்கவில்லை

ராஜாமணி அக்கா போய்விட்டார். இன்று காலை, துடியலூரில், மகள் வீட்டில்.

போன் வந்ததிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை... எழுதினாலாவது கொஞ்சம் ஆறும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் நாங்கள் இருவரும் மோட்டாருக்குள் போகும் கம்பிச்சுருள், அதாவது காயில், சுற்றினோம். பக்கத்துப் பக்கத்து மேஜை. மெல்லிசான செம்புக் கம்பி அக்கா கையில் தானாக ஓடும். வாயும் அதே வேகத்தில் ஓடும்.

அக்காவுக்கு வலது கண்ணில் புரை விழுந்தது. இலவச முகாம் என்று யாரோ சொல்ல, ஊரில் பெரிய பெயர் எடுத்த ஒரு கண் டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு வேன் ஏறினார்.

(டாக்டர் பெயரைக் கமெண்ட்டில் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். அவருக்காக இல்லை, அக்கா பதிவில் அந்தப் பெயர் வேண்டாம் என்பதற்காக.)

அந்த ஆபரேஷனில் கண்தான் மரத்துப்போகும். காது நன்றாகவே கேட்கும். எல்லாம் முடிந்ததும் நர்ஸ் கேட்டாராம்.

"சார், ஆன்டிபயாடிக் ஊசி?"

"கேம்ப் கேஸ்தானே... உடும்மா. அடுத்த ஆளக் கூட்டிட்டு வா."

கண்ணில் கிருமி தொற்றாமல் இருக்கப் போடும் ஊசி அது. காசு கட்டி மாடியில் ரூம் எடுத்துத் தங்கியவர்களுக்கு அதைப் போட்டார்கள். வீட்டில் ஊற்றிக்கொள்ளச் சொட்டு மருந்தும் தந்தார்கள். வேனில் வந்தவர்களுக்கு ஒரு பஞ்சுக் கட்டு. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து மறுநாளே வலி. "கண்ணுக்குள்ள கங்கு வெச்ச மாதிரி இருக்குது கண்ணு" என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நான்தான் அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை அந்த மனிதர். "ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும். போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

அடுத்த வாரம் வரை எங்கே தாங்குவது? வலி பொறுக்காமல் வேறு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கண் முழுக்கச் சீழ். கண்ணையே எடுத்துவிட்டார்கள்.

ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு காயில் சுற்ற வரவில்லை. கம்பி எங்கே, அதைப் பதிக்கும் பள்ளம் எங்கே என்று கை தடவியது. கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னார்: "அழுதது போதும் அம்மணி. அந்தாள நான் உடப்போறதில்ல."

விடவில்லை...

முகாம்கள் நடத்தியதற்காக அந்த டாக்டருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "டாக்டர் கையால் பார்வை பெற்றவர்கள் மேடைக்கு வந்து மாலை போடலாம்" என்று மைக்கில் கூப்பிட்டார்கள். பக்கத்தில் இருந்த அக்கா எழுந்துவிட்டார். மாலையை வரும் வழியிலேயே வாங்கியிருந்தார்!

மாலையை ஒழுங்காகப் போட்டார். கும்பிட்டார். அப்புறம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"ஏனுங்க டாக்டரே, இந்தக் கண்ணுக்கு ஊசி வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க. எனக்கு இன்னொரு கண்ணு இருக்குதுங்க. அதுக்காச்சும் போடுவீங்ளா?"

மேடையில் இருந்தவர்கள் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் சமாளிக்கப் பார்த்தார். "ஊசி போட்டாலும் சில பேருக்கு இன்ஃபெக்ஷன் வரும்மா..."

"போட்டும் வந்திருந்தா என்ற நேரம்னு போயிருப்பனுங்க. நீங்க போடவே இல்லீங்களே!"

ஆட்கள் வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா சிரித்த சிரிப்பு... "மூஞ்சியப் பாத்தியா அம்மணி? பாத்தியா?" கேட்டுக்கொண்டே வந்தார். பார்த்தேன் அக்கா. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு இனிக்கிறது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த ஆஸ்பத்திரி கேட்டில் நிற்பார். முகாம் வேனிலிருந்து இறங்குகிறவர்களிடம் கண்ணாடியைக் கழற்றிக் காட்டி, "ஊசி போடுவீங்களான்னு கேட்டுப்போட்டு உள்ள போங்க" என்பார். சிலர் பயந்து வேனிலேயே திரும்பிவிட்டார்கள்.

ஒருநாள் டாக்டரே வெளியே வந்தார். "உங்களுக்கு என்னதாம்மா வேணும்?"

"ஒண்ணும் வேண்டாமுங்க. வாரா வாரம் நீங்க என்னையப் பாக்கோணும். அவ்ளோதானுங்க."

கொஞ்ச நாளில் முகாம் ஆட்களுக்கும் ஊசி, சொட்டு மருந்து எல்லாம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த நர்ஸே வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் சந்தோஷமாக, "அதான் போடறாங்களே, இனி விட்டுடலாங்கக்கா" என்றேன்.

"போடட்டும். நல்லதுதான். ஆனா என்ற கண்ணுக்கு அந்தாளு இன்னும் பதில் சொல்லல."

மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மகள் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறும் நின்றார். டாக்டர் கார் கண்ணாடிக்குக் கறுப்பு பேப்பர் ஒட்டி, பின்வாசல் வழியாகப் போக ஆரம்பித்தார். மறுவாரமே அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார், பின்வாசலுக்கு இடம் மாறினார்.

பல வருஷம் கழித்து அந்த டாக்டர் ஹார்ட் அட்டாக்கில் செத்துப்போனார். அக்கா நேரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தால் முகம் உர்ரென்று இருந்தது.

"என்னங்கக்கா?"

"தூக்கத்துலயே போயிட்டானாமா. ஒரு வலி இல்லயாமா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்... நான் இன்னும் முடிக்கல" என்றார்.

பதிவைப் படிக்கும் சிலர் 'மன்னிப்பதுதான் பெருமை' என்று கமெண்ட் போடுவீர்கள். போடாதீர்கள், டெலீட் செய்துவிடுவேன்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா... அந்தப் பக்கம் அந்த ஆள் எங்கேயாவது இருப்பார்.

தேடிப் பிடிச்சுருங்க.