பாங்குக்கு ஓய்ந்த கொம்பியூட்டர்

அந்தக் கணினியை நான்தான் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டினேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் எங்கள் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், இன்றைக்கும் அதை என் கணவர் பூட்டியதாகத்தான் கதைக்கிறார்கள். அவர் கற்பிட்டியிலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றிப்போகும் கூலர் லொறி ஓடினார். திரும்பி வரும்போது நான் சொல்லிவிட்ட சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தார், அவ்வளவுதான். ஒருமுறை மதர்போர்ட், இன்னொருமுறை ஹார்ட் டிஸ்க். எல்லாமே அறக்குளா மீன் மணத்தோடு வந்து சேர்ந்தன. வயர்களைச் செருகி, ஸ்குரூ முறுக்கி, முதல் தடவை திரையில் வெளிச்சம் வந்தபோது நான் போட்ட சத்தத்தில் உம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தக் கணினியில் நான் கல்யாணக் காட் அடித்தேன், பள்ளிக்கூடத்துக்கு வினாத்தாள் அடித்தேன். ஆனால் அது எங்கள் வீட்டுக்கு வந்ததன் உண்மையான காரணம் வாப்பா. வாப்பா கட்டாரில் ஒரு கம்பனியில் சாரதி. இன்டர்நெட் டொங்கிளைச் செருகிக் கமராவைத் திருப்பி வைத்தால், இரவு இஷா தொழுகைக்குப் பிறகு வாப்பா திரையில் வந்து உட்காருவார். உம்மா அன்றைக்கு என்ன கறி என்று சட்டியையே தூக்கிக் காட்டுவார்.

என் கல்யாணத்துக்கு வாப்பா வரவில்லை. லீவு கிடைக்கவில்லை. கல்யாண அல்பத்தைத் தபாலில் அனுப்பினோம். தங்கச்சிக்குக் காவின், அதாவது நிக்காஹ் ஒப்பந்தம், எழுத நாள் குறித்தபோது, இந்தத் தடவையும் லீவு இல்லை என்றார்கள். வாப்பாவின் இடத்தில் நின்று பொறுப்புக் கொடுக்க அவருக்கு மூத்தவர், எங்கள் பெரிய வாப்பா, இருந்தார், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வாப்பா திரையில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"உன்டதத்தான் பாக்கக் கிடைக்கல்ல மகள். இதயாவது கண்ணால பாக்கணும்."

"நான் காட்டுறன் வாப்பா" என்றேன். சும்மா வாயால் சொல்லவில்லை, மனசால் சொன்னேன்.

சொல்லி அடுத்த கிழமையே கணினி தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று திரை இருண்டு, பெட்டிக்குள் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் முதலிலிருந்து கிளம்பும். பாதி அடித்த வினாத்தாள் போய்விடும். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என்னை மதிக்காத ஒரு சாமானை என் கையாலேயே பூட்டி வைத்திருக்கிறேனே என்றுதான் கோபம்.

நான் விடவில்லை. கடற்காற்று உப்பு பிடித்திருக்கும் என்று ரேம் துண்டுகளைக் கழற்றி, அழிறப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். சூடாகிறதோ என்று பக்கத்துத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை நேரே திருப்பி வைத்தேன். அதன் வயிற்றுக்குள் ஒழுங்கைப் புழுதி முழுக்கப் போனதுதான் மிச்சம். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை அழித்து மறுபடி போட்டேன். அடுத்த நாள் மத்தியானம் "டிக்".

"மீன் தண்ணி பட்டிருக்குமோ?" என்றார் என் கணவர்.

"உங்கட லொறிய முதல்ல கழுவுங்க" என்றேன்.

கடைசியில் முந்தலில் கணினி திருத்தும் ஒருவரிடம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனோம். தலவிலப் பக்கத்துக் கத்தோலிக்கர், நல்ல பகிடிக்காரர். ஒரு கிழமை கடையில் வைத்து ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு தடவைகூட அது ஓயவில்லை. எங்கள் வீட்டில் பேயாட்டம் ஆடியது அவர் கடையில் அவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறது.

"ஒரு பிழையும் இல்ல தங்கச்சி, கொஞ்சம் மீன் மணக்குது, அவ்வளவுதான்" என்றார். "என்ட மெசினா இருந்தா தலவில அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுதிரி கொழுத்தியிருப்பன். நீங்க உங்கட பள்ளியில கேட்டுப் பாருங்க."

எல்லோரும் சிரித்தோம். பள்ளிவாசலில் கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பின்னேரமே அது ஓய்ந்தது. அப்போது பள்ளியில் அசர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தார்கள். உம்மா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"பாத்தியா? பாங்கு சொல்லுற நேரம் ஓயுது. அதுக்கிருக்கிற ஈமான் உனக்கில்ல."

"காலையில பத்து மணிக்கும் ஓயுதே, அது எந்தத் தொழுகை?"

"ழுஹா" என்றார் உம்மா, யோசிக்காமலே. அது விரும்பியவர்கள் காலையில் தொழுகிற மேலதிகத் தொழுகை. வேலை வெட்டி உள்ள எங்கள் வீட்டில் ஒருவரும் அதைத் தொழுவதில்லை. கணினி எங்கள் எல்லோரையும் முந்திவிட்டது.

அதற்குப் பிறகு உம்மாவைப் பிடிக்க முடியவில்லை. மகள் பூட்டின கொம்பியூட்டர் பாங்குக்கு மரியாதை கொடுக்கிறது என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு மாமியையும் அவருடைய மருமகள்மாரையும் கூட்டிவந்து கதிரை போட்டு உட்காரவைத்தார். தேத்தண்ணி, தொதல் எல்லாம் கொடுத்தார். "இப்ப பாருங்க" என்றார். பாங்கு தொடங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். பாங்கு முடிந்தது. கணினி கல் மாதிரி நின்று ஓடியது. உம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"அதுக்கு இண்டைக்கு லீவாக்கும்" என்றாள் ஒரு மருமகள்.

மாமி மட்டும் அவசரமாக எழும்பினார். "நான் போறன் புள்ள. ஊட்டுல எல்லாரும் ஒழு எடுக்கத் தண்ணி அள்ளி வெக்கணும். பள்ளியில இண்டைக்கு ஹவுழ் கழுவுறாங்க, ஊட்டுலயே ஒழு எடுத்துட்டு வரச்சொல்லி மைக்குல சொன்னாங்களே."

நான் கையில் இருந்த தொதலைத் தட்டில் வைத்தேன். ஹவுழ் என்பது தொழ வருகிறவர்கள் ஒழு எடுக்கும், அதாவது கைகால் கழுவும், தண்ணீர்த் தொட்டி. அதைக் கழுவுகிறார்கள் என்றால் நிரப்பவில்லை. நிரப்பவில்லை என்றால் பள்ளி மோட்டர் ஓடவில்லை. பள்ளிக்குப் பெரிய புது மோட்டர் வந்து இரண்டொரு மாதம்தான். எங்கள் ஒழுங்கை முழுவதும் ஒரே மின்கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளி முன்முனையில், நாங்கள் கடைசி முனையில். மோட்டர் இழுக்கத் தொடங்கினால் எங்களிடம் வந்து சேரும் கரண்ட் இறங்கிவிடும். விசிறி மெதுவாகும், மின்குமிழ் மங்கும். அதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போன விசயம், யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கணினி மட்டும் தாங்காமல் விழுந்து எழும்பியிருக்கிறது. வாப்பாவோடு கதைப்பது எப்போதும் இஷாவுக்குப் பிறகு, மோட்டர் ஓய்ந்த நேரத்தில். அதனால் அந்தக் கோல்களில் ஒரு குறையும் வரவில்லை.

சந்தோசத்தில் உம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அடுத்த நிமிசம்தான் நாள் குறித்த நேரம் நினைவுக்கு வந்தது. காவின் அசருக்குப் பிறகு. மாப்பிள்ளை வீட்டார் ஆலங்குடாவிலிருந்து பஸ்ஸில் வந்து, எங்கள் பள்ளியில் அசர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அத்தனை பேரும் ஒழு எடுத்தால் ஹவுழ் வற்றும், மோட்டர் ஓடும், வாப்பா இருண்டு போவார். புத்தளம் கடையில் யூபிஎஸ் கேட்டோம். கல்யாணத்துக்கு அடுத்த கிழமைதான் வரும் என்றார்கள்.

நான் நேரே பள்ளி கேற்றடிக்குப் போனேன். மோதினார் தென்னங்கன்றுகளுக்குக் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பாங்கு சொல்வதும் அவர், மோட்டர் போடுவதும் அவர். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன்.

"காக்கா, உங்கட மோட்டர் என்ட கொம்பியூட்டரக் கொல்லுது."

"என்ட மோட்டர் இல்ல புள்ள, பள்ளிட மோட்டர்."

"காலையில பத்து மணிக்கு எதுக்குப் போடுறீங்க?"

"இந்தக் கண்டுகளுக்குத்தான்."

ஆக, ழுஹா தொழுதது தென்னங்கன்றுகள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு காவின் நேரத்தில் மோட்டர் போட வேண்டாம் என்று கேட்டேன். அவர் குழாயைக் கீழே போட்டார்.

"ஒரு கொம்பியூட்டருக்காக ஜமாஅத்த தண்ணியில்லாம வெக்கச் சொல்லுறியா? பொழுதுபட மஃரிபுக்கு வாறவங்களுக்கு நான் என்ன சொல்ல?"

"கொம்பியூட்டருக்காக இல்ல, வாப்பாவுக்காக. அவர் கட்டாருல இருந்து அதுலதான் காவினப் பாக்கப் போறார்."

மோதினாரும் வாப்பாவும் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரே வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்கள். அவர் குனிந்து குழாயை எடுத்து அடுத்த கன்றுக்குத் திருப்பினார்.

"உன்டதுக்கும் அவன் வரல்லத்தானே?"

"ஓம், வரல்ல."

"சரி. அசருக்கு முன்னுக்கே நிரப்பி வெக்கிறன். அவன் பாத்து முடியும் மட்டும் சுவிச்சுல கை வெக்க மாட்டன். ஆனா முடிஞ்ச உடன எனக்குத் தெரியணும்."

காவின் அன்று கணினியை ஹோலில் ஏற்றி, கமராவை மாப்பிள்ளையின் கதிரைக்கு நேரே திருப்பி வைத்தேன். வாப்பா புதுத் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் இரும்புக் கட்டிலில் அவருடைய அறைக் கூட்டாளிகள் வரிசையாக இருந்தார்கள், அவர்களும் தொப்பியோடுதான். அசர் முடிந்து கூட்டம் பள்ளியிலிருந்து கிளம்பும் நேரம் மைக் கரகரத்தது. மோதினார் இதைச் செய்யப்போவதாக எனக்குச் சொல்லவே இல்லை.

"ஒழுங்கையில உள்ளவங்க எல்லாரும் கேளுங்க. இப்ப எங்கட புள்ளக்குக் காவின். வாப்பாக்காரர் கட்டாருல இருந்து பாக்குறார். காவின் முடியும் மட்டும் ஒருத்தரும் மோட்டர், அயன், ஃபிரிட்ஜ் ஒண்டும் போட வேணாம்."

மைக் சத்தம் எங்கள் யன்னல் வழியாக வந்து, கணினி வழியாகக் கட்டாருக்கும் போயிருக்கிறது. வாப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய கூட்டாளிகள் கைதட்டினார்கள். உம்மா, அதற்கும் மேல் பக்குவமாக, ஹோல் விசிறியையே நிறுத்திவிட்டார். புது மாப்பிள்ளை வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பயத்தில் என்று அவருடைய ஆட்கள் பகிடி பண்ணினார்கள்.

பெரிய வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, தன் தம்பியின் மகளை ஒப்புக்கொடுக்கும் வார்த்தைகளைச் சொன்னார். திரையில் வாப்பாவின் உதடுகளும் கூடவே அசைந்தன. மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்றார். துஆ ஓதினார்கள், ஆமீன் சொன்னோம். திரை ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கூட்டம் சாப்பாட்டுக்கு எழும்பிய பிறகு தங்கச்சியையும் மாப்பிள்ளையையும் கமராவுக்கு முன் நிறுத்தினேன். வாப்பா அவர்களைக் கண்ணாரப் பார்த்து, துஆ ஓதி வாழ்த்தினார். பிறகு, "எங்க உன்ட ஆள்? ரெண்டு பேரும் வந்து இதுல நில்லுங்க" என்றார்.

என் கணவர் பரிமாறிக்கொண்டிருந்த கறிக் கோப்பையோடேயே வந்து நின்றார். வாப்பா கையை ஏந்தி, தங்கச்சிக்கு ஓதிய அதே துஆவை முதலிலிருந்து கடைசிவரை எங்கள் இருவருக்கும் ஓதினார். கறி கையில் வழிவதைக்கூடப் பார்க்காமல் இவர் ஆமீன் சொன்னார்.

அந்த நேரம் வாசலில் மோதினாரின் குரல் கேட்டது. மஃரிப் நெருங்கிவிட்டது, ஹவுழ் வற்றிவிட்டது, மனிசன் மூச்சு வாங்க ஓடி வந்திருந்தார்.

"புள்ள, அவன் பாத்து முடிச்சிட்டானா? மோட்டரப் போடவா?"

நான் திரும்புவதற்குள் திரையிலிருந்து வாப்பா பதில் சொன்னார்.

"போடச் சொல்லு மகள். ரெண்டயும் பாத்துட்டன்."