பிக்குணியின் பேச்சை யார் வாசிப்பது

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் பகலில் வேலை செய்துகொண்டு பின்னேரங்களில் பல்கலைக்கழகத்தில் படித்தேன். யப்பானிய வரலாற்றை நான் விரும்பி எடுக்கவில்லை. வேலை முடியும் நேரத்துக்குப் பொருந்திய வகுப்பு அது ஒன்றுதான்.

இருவர் சேர்ந்து ஒரு தலைப்பை ஆராய்ந்து வகுப்பின் முன் பேச வேண்டும். என்னோடு சேர்ந்தவள் ஐந்து வயதில் கனடாவுக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வாள்களையும் போர்களையும் மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது, படைத்தலைவனாக இருந்து யப்பானை ஆண்ட முதலாவது காமகுரா ஷோகுனின் மனைவி. கணவன் இறந்ததும் தலையை மழித்துப் பௌத்தப் பிக்குணியானவள், ஆட்சியை மட்டும் விடவில்லை. ஷோகுன்களான இரண்டு மகன்களும் கொல்லப்பட்ட பின், கியோட்டோவிலிருந்து ஒரு குழந்தையை வரவழைத்து வாரிசாக இருத்திவிட்டு, காரியங்களைத் தானே நடத்தினாள். பிக்குணி ஷோகுன் என்றே அவளுக்குப் பெயர்.

கியோட்டோவிலிருந்த அரச குடும்பம் அவள் ஆட்சிக்கு எதிராகப் படை திரட்டியபோது அவளுடைய சாமுராய் வீரர்கள் தயங்கினார்கள். அரச வம்சத்தை எதிர்ப்பதா? அவள் அவர்களைக் கூட்டி, தன் கணவன் அவர்களுக்குச் செய்ததையெல்லாம் நினைவூட்டிப் பேசினாள். அவர்கள் போய் வென்றார்கள். அவளே பேசினாள் என்கிறது ஒரு பதிவு. அவளுக்காக ஒரு வீரன் வாசித்தான் என்கிறது இன்னொன்று.

பேச ஒரு கிழமை இருக்கும்போது அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அக்கா, எழுதினது முழுக்க நீங்கள்தான். ஆனா நான் வாசிக்கட்டே? உங்கட அக்சென்ற் வகுப்பிலை இருக்கிறவைக்கு விளங்காது. மார்க்ஸ் குறையும்.”

வீட்டில் கணவரிடம் சொன்னேன். “அவள் சொல்லுறதிலை பிழை இல்லையே. நீ எழுது, அவள் வாசிக்கட்டும்” என்றார்.

“அப்ப நான் ஏன் அங்கை போய் நிக்கிறன்?”

மறுநாள் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்: “நான்தான் வாசிக்கப்போறன். மார்க்ஸ் குறைஞ்சால் விரிவுரையாளரிட்டை நான் போய்க் கதைக்கிறன்.”

அவளுக்கு முகம் சுருங்கியது. பிறகு, “ஓகே. அப்ப முதல்ல, விதவைக்கு வாற உந்த ‘விடோ’வைச் சரியாச் சொல்லுங்கோ” என்றாள்.

அந்தக் கிழமை முழுவதும் தொழிற்சாலை இயந்திரத்துக்கு முன்னால் நின்று உரத்து வாசித்தேன். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

வகுப்பில் எழும்பி வாசிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே அந்த ‘விடோ’ பிசகியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நிறுத்தி, திரும்பச் சொன்னேன். அப்போதும் பிசகியது. விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். கடைசி வரி வரைக்கும் போனேன்.

தொப்பி போட்ட ஒருவன் கேட்டான்: உண்மையில் ஆண்டது அவளுடைய தம்பிதானே? பேச்சைக்கூட வேறொருவன் வாசித்திருக்கலாமே? அந்தப் பிள்ளை எழும்பப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

தம்பி கூடவே இருந்தது உண்மை, அவன் அவளுக்குத் தேவைப்பட்டான் என்றேன். ஆனால், தயங்கி நின்றவர்களை நகர்த்தத் தம்பியின் பேர் போதவில்லை. எவன் வாயால் வந்திருந்தாலும் அவள் சொல் என்பதற்காகத்தான் அவர்கள் வாளைத் தூக்கினார்கள்.

அவன் தலையை ஆட்டினான். விரிவுரையாளர் ஏதோ குறித்துக்கொண்டார்.

பி பிளஸ் வந்தது. வாதம் உறுதியானது, வாசிப்பில் தெளிவு போதாது என்று எழுதியிருந்தார்.

“நான் வாசிச்சிருந்தால் ஏ வந்திருக்கும், அக்கா.”

“ஓம், வந்திருக்கும்” என்றேன்.

அடுத்த தவணைக்குப் பதியும்போது, வாரா வாரம் எழும்பிப் பேச வேண்டிய வகுப்பாகத் தேடி எடுத்தேன்.