பீச்சாங்கை ஸ்லாவ்கோ

ஸாக்ரெப் நகரத்தின் இலிட்சா தெருவுக்குப் பின்னால் இறைச்சிக் கடை வைத்திருந்தார் ஸ்லாவ்கோ பின்டாரிச். நாற்பதைத் தாண்டியவர், நல்ல தொந்தி, இடதுகைக்காரர். இளவயதில் கிராட்ஸ் நகரத்து ஓட்டல் ஒன்றுக்கு இறைச்சி கொண்டுபோய்க் கொடுத்தபோது, டென்னிஸ் ஆட்டத்துக்கு ஆள் குறைகிறதென்று விருந்தாளிகள் அவரைக் கூப்பிட்டு ராக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். அன்று பிடித்த பைத்தியம். ஊர் திரும்பிய பிறகும் ஞாயிறுதோறும் துஷ்கனாட்ஸ் மைதானத்தில் ஆடிவந்தார். வக்கீல்களும் டாக்டர்களும் ஆடும் சங்கம் அது. அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றாலும் ஆட்டம் முடிந்தபின் தங்கள் மேசைக்கு யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த வருஷம் டேவிஸ் கோப்பையில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராகச் சீட்டுக் குலுக்கலில் ஹாலந்து வந்து விழுந்தது. ஆட்டம் ஸாக்ரெப்பில்தான். எல்லோரும் பயந்தது யோரிஸ் டெர்வாலன் என்ற ஒருவனுக்கு. இடதுகைக்காரன். அவன் சர்வீஸ் தரையில் பட்டதும் வெளியே ஓடிவிடும். யூகோஸ்லாவிய அணியின் முதல் ஆட்டக்காரன் ஸ்வோன்கோ ஹால்பருக்கோ இடதுகைக்காரன் என்றாலே ஆகாது.

அணித்தலைவர் டாக்டர் கெர்ஸ்னிக் ஒரு சனிக்கிழமை காலை இறைச்சிக் கடைக்கு வந்து வரிசையில் நின்றார்.

“என்ன வேணும் டாக்டர்? விலா எலும்பு நல்லா இருக்கு.”

“உங்க இடது கைதான் வேணும்.”

“அதை வெட்டிக் கொடுத்துட்டா நான் எதால வெட்டறது?”

வரிசையே சிரித்தது. டாக்டர் விஷயத்தைச் சொன்னார். டெர்வாலனைப்போல் ஆடிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். தினமும் காலையில் ஸ்வோன்கோ அந்த ஆளோடு பழக வேண்டும்.

ஸ்லாவ்கோ கத்தியைத் துடைத்து வைத்தார். “நான் அந்த ஆளைப் பாத்ததே இல்லையே. பாக்காம எப்படி ஆடிக் காட்டறது?”

டெர்வாலன் அப்போது வியன்னாவில் ஒரு போட்டியில் ஆடிக்கொண்டிருந்தான். கடையை மனைவி யூலிக்காவிடம் விட்டுவிட்டு ஸ்லாவ்கோ ரயிலேறினார். அங்கே பந்து போகும் திசையை அவர் பார்க்கவில்லை, அந்த ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் வீட்டு முற்றத்தில் ஆரம்பித்தார். சர்வீஸுக்கு முன் இடுப்புப் பட்டையை ஒரு இழுப்பு, தலையை ஒரு சாய்ப்பு, பந்தை வானத்துக்கு எறிந்து ஒரு நீண்ட காத்திருப்பு.

“ஐயோ, மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு!” என்றாள் யூலிக்கா. “எனக்கு வாய்ச்ச புருஷன் எங்கே? இந்த டச்சுக்காரன் யாரு?”

“சோறு போடு, டச்சுக்காரனுக்கும் பசிக்கும்.”

பயிற்சி தொடங்கியது. விடியுமுன் இறைச்சி வெட்டி, கடையைத் திறந்து கொடுத்துவிட்டு மைதானத்துக்கு ஓடுவார். முதல் நாள் ஸ்வோன்கோவால் நாலு பந்தைக்கூடத் திருப்ப முடியவில்லை. மறுநாளும் தோற்றான், அதற்கடுத்த நாளும் தோற்றான். நாட்டின் முதல் ஆட்டக்காரன் தொந்தி வைத்த கடைக்காரரிடம் தோற்பதைப் பார்க்க வேலிக்கு வெளியே கூட்டம் கூடியது.

டாக்டர் கெர்ஸ்னிக் ஸ்லாவ்கோவைத் தனியே அழைத்தார். “பையன் மனசு உடைஞ்சு போறான். கொஞ்சம் விட்டுக் கொடுங்களேன். ஒரு செட் ஜெயிக்கட்டும், தெம்பு வரும்.”

“டாக்டர், நான் எலும்பைக் கறின்னு சொல்லி வித்ததில்லை. இங்கே நான் விட்டுக்கொடுப்பேன். அந்த டச்சுக்காரன் விடுவானா?”

ஸ்வோன்கோ பக்கத்தில்தான் நின்றிருந்தான். முகம் சிவந்துவிட்டது. “யோவ் கசாப்பு! நீ என்ன பெரிய ஆளுன்னு நெனப்பா? போய் உன் மாட்டை வெட்டு!” என்று ராக்கெட்டைத் தரையில் அடித்துவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் அவன் வரவில்லை. ஸ்லாவ்கோ வந்தார். ஆளில்லாத எதிர்ப்பக்கத்துக்குச் சர்வீஸ் போட்டார், பந்துகளைத் தாமே பொறுக்கினார், மறுபடி போட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. வேடிக்கை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் வருகிறேன் என்று டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது.

மூன்றாம் நாள் பட்டையை இழுத்துத் தலையைச் சாய்த்தபோது எதிரே ஸ்வோன்கோ நின்றுகொண்டிருந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வழக்கத்தைவிட இரண்டடி இடப்பக்கம் தள்ளி நின்றான்.

“போடுங்க.”

ஸ்லாவ்கோ போட்டார். பந்து வெளியே ஓடுமுன் ஸ்வோன்கோ அதைப் பிடித்து மூலைக்கு அடித்தான்.

“அப்படித்தாண்டா!” என்று கத்திவிட்டு அடுத்த பந்தை இன்னும் கடுமையாகப் போட்டார் ஸ்லாவ்கோ. போட்டிக்கு முந்தின நாள்தான் ஸ்வோன்கோ அவரிடம் ஒரு செட் ஜெயித்தான். அதுவும் உண்மையாகவே ஜெயித்தான்.

போட்டியின் முதல் நாள் டெர்வாலனும் ஸ்வோன்கோவும் மோதினார்கள். மரப் பலகைகளில் கூட்டம் நெருக்கியடித்தது. டெர்வாலன் பட்டையை இழுத்துத் தலையைச் சாய்த்ததும் ஸ்வோன்கோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பிலேயே அவன் பயம் போயிற்று. ஐந்தாவது செட்டில் ஜெயித்தான். பலகைமேல் ஏறி நின்று குதித்த யூலிக்காவைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

ஆனால் கோப்பைப் போட்டி ஒருவர் ஆட்டத்தோடு முடிவதில்லையே, ஐந்து ஆட்டத்தில் மூன்றை ஜெயிக்க வேண்டும். இரட்டையர் ஆட்டத்தில் தோற்றார்கள், ஒற்றையரில் இன்னொன்றும் போயிற்று, கடைசி நாளின் கடைசி ஆட்டமும் கைவிட்டுப் போயிற்று. ஹாலந்து அடுத்த சுற்றுக்குப் போனது.

அன்றைய விருந்துக்கு ஸ்வோன்கோ ஸ்லாவ்கோவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து டெர்வாலன் எதிரே உட்கார வைத்தான். “உங்ககிட்ட நான் இந்த மாசம் பூரா தோத்துக்கிட்டு இருந்தேன். இதோ, இவர்தான் நீங்க!”

டெர்வாலன் நம்பவில்லை. மறுநாள் காலை, ரயிலுக்கு முன்னால், இருவரும் ஆடினார்கள். ஸ்லாவ்கோ பட்டையை இழுத்ததும் டெர்வாலன் வலையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஆட்டத்தில் அவன்தான் சுலபமாக ஜெயித்தான். பிறகு, “இப்ப உங்க சர்வீஸைப் போடுங்க, பாக்கலாம்” என்றான்.

ஸ்லாவ்கோ பந்தை எறிந்தார். தலை சாய்ந்தது. நிறுத்திவிட்டு மறுபடி எறிந்தார். அப்போதும் சாய்ந்தது. இருபது வருஷமாகத் தாம் போட்டுவந்த சர்வீஸ் என்னவென்று அவருக்கே ஞாபகம் வரவில்லை. தடுமாறி நின்றவரிடம் டெர்வாலன் வந்து தோளில் கை போட்டான். “வச்சுக்கோங்க. உங்ககிட்ட நல்லாத்தான் இருக்கு.”

பழைய சர்வீஸ் கடைசிவரை திரும்பவே இல்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை. ஞாயிறுகளில் ஸ்வோன்கோவோடு ஆடினார், பிறகு அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சோடா கலந்த திராட்சை மது குடித்தார். சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஸ்வோன்கோ, “இவருகிட்ட ஜெயிச்சிட்டு அப்புறம் என்கிட்ட வாங்க” என்பான். பலருக்கு அதற்கே ஒரு வருஷம் ஆனது.