பால் பொங்கியதும் கத்திய வீடு

இந்த நாட்டில் வீட்டுப் பல்லி கிடையாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. டொரண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், எங்கள் குடியிருப்பின் கூடத்தில் ஏதோ ஒன்று ‘கீச்’ என்று ஒரு தடவை கத்திவிட்டு அடங்கும். சற்று நேரம் கழித்து மறுபடியும் ஒரு ‘கீச்’. என் மனைவி சரஸ்வதி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, விரலால் தரையைத் தட்டி, “எந்தத் தெசையில சொல்லுது, பாருங்க” என்றாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்பதே எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. சோபாவை நகர்த்திப் பார்த்தோம், காலண்டருக்குப் பின்னால் பார்த்தோம். கடைசியில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் போலந்துக்காரரைக் கூப்பிட்டு, என் ஆங்கிலத்தில் பல்லி பற்றிக் கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரியாகப் பார்த்துவிட்டு, கூரையில் ஒட்டியிருந்த வெள்ளைத் தட்டைக் கழற்றி, “பேட்டரி” என்றார். புகை வந்தால் கத்துகிற கருவியாம் அது. பேட்டரி தீர்ந்துபோனால் அதையும் அதுவே சொல்லிவிடுமாம். அவர் போன பிறகும் சரஸ்வதிக்குச் சமாதானம் ஆகவில்லை. எனக்கும்தான்.

எண்பதுகளில் நான் ராஜபாளையத்தில் வீட்டுத் தரகனாக இருந்தேன். ஒரு பழைய மொபெட்டில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அலைந்து, மில்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் வீடு முடித்துக் கொடுப்பேன். வாங்க வருகிறவர்கள் கேட்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கோடையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா, வாசல் எந்தப் பக்கம், அடுப்பு அக்கினி மூலையில் இருக்கிறதா. நெருப்பைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. தென்கிழக்கு மூலையை அதற்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அது அங்கே இருந்துகொள்ளும். விற்கிற வீட்டுக்குள் நின்றுகொண்டு ‘தீப்பிடித்தால்’ என்று ஒரு தரகன் வாய்தவறிச் சொன்னாலும் பேரம் முறிந்துவிடும். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்கிற ஊர் நம்முடையது. ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் வெற்றிலைத் தட்டு மாற்றுகிற நேரத்தில் பல்லி சொல்லிவிட்டது. வாங்க வந்த அரிசிக் கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பொறவு பாப்போம்” என்று எழுந்துவிட்டார். அந்தப் ‘பொறவு’ வரவே இல்லை.

எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான் என்பதால், டொரண்டோவிலும் பரீட்சை எழுதி வீட்டு முகவர் உரிமம் வாங்கினேன். நான் சேர்ந்த அலுவலகத்தின் தலைவி மார்கரெட். அவர் ஒருநாள் ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரர் ஒருவரை அழைத்து வந்து எங்கள் எல்லோருக்கும் வகுப்பு எடுக்கச் சொன்னார். வீடு காட்டும்போதே அந்தப் புகை அலாரம் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும், படுக்கையறைக்கு வெளியே ஒன்றும் ஒவ்வொரு தளத்துக்கும் ஒன்றும் இருக்க வேண்டும், பொத்தானை அழுத்திச் சோதிக்க வேண்டும், பழுத்து மஞ்சளாகிப்போனதை மாற்றச் சொல்ல வேண்டும் என்றார் அந்தத் தீயணைப்புக்காரர். தூங்குகிறவன் மூக்குக்குப் புகை தெரியாது, காதுக்குத்தான் தெரியும் என்றார். சத்தம் கேட்டதும் குடும்பம் மொத்தமும் வெளியே ஓடி ஒரே இடத்தில் நின்று தலையை எண்ண வேண்டும், எதை எடுக்கவும் யாரும் திரும்ப உள்ளே போகக் கூடாது. நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆனால் வீடு விற்கிறவனே வாங்குகிறவனிடம் இதெல்லாம் எரியும் என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பையன்கள் கேக் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் துண்டு மட்டும் தட்டிலேயே இருந்தது.

ஊரில் இந்த அலாரத்தின் வேலையைத் தெருவே செய்துவிடும். எங்கள் தெருமுனையில் பஞ்சு மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கி ஒன்று இருந்தது. பொறி விழுந்தால் பஞ்சுப் பொதி வெளியே காட்டாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு கிடக்கும். கிட்டங்கி வாசலில் மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும். அதில் வெற்றிலை துப்பியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனவர், மூக்கைச் சுளித்து, “ஏலே, பஞ்சு கருகுத வாடை அடிக்குலே” என்று ஒரு சத்தம் போட்டார். அவ்வளவுதான், ஆளுக்கொரு குடத்தோடு தெரு கூடிவிட்டது. இங்கே குளிருக்கு ஜன்னல்களை இறுக்கி மூடிவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர்தான், பார்த்தால் கையசைப்பார். ஆனால் என் வீட்டுப் புகை அவர் மூக்குக்குப் போகாது.

நான் முதன்முதலில் வீடு முடித்துக் கொடுத்த நம்மூர்க் குடும்பம் குருசாமியுடையது. குருசாமிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், பால்கோவாக் கடைக்காரர் மகன், இங்கே கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவன் மனைவி மல்லிகா கூமாப்பட்டிக்காரி. என்னை அண்ணே என்பாள், சரஸ்வதியை மதினி என்பாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். நிலவறை வாடகை வீட்டில் வெளிச்சம் பார்க்காமல் இருந்தவர்கள், சொந்த வீடு என்றதும் இரண்டு பேருக்கும் கால் தரையில் பாவவில்லை. வீடு காட்டிய அன்று, சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே கூரையில் இருந்த அலாரத்தைக் குருசாமிக்குக் காட்டி, “புகை வந்தா சத்தம் போடும்” என்று சொன்னேன். “சரி அண்ணாச்சி” என்றான். குளியலறைக் குழாயைக் காட்டியபோதும் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். சாமி படத்துக்குப் பொட்டு வைத்து, வலது கால் எடுத்து வைத்து உள்ளே வந்து, புதுப் பாத்திரத்தில் பாலை ஊற்றி, மின்சார அடுப்பில் கிழக்குப் பக்கத்து வளையத்தில் ஏற்றினாள் மல்லிகா. பால் பொங்கி வழிய வேண்டும், அதுதானே சாங்கியம். பொங்கியது. நானும் சரஸ்வதியும் உட்பட எல்லோரும் கைகூப்பினோம். வழிந்த பால் செக்கச்செவேலென்று பழுத்திருந்த வளையத்தின் மேல் விழுந்து தீய்ந்து, புகை குபுகுபுவென்று கிளம்பியது. மறு நொடி கூரையிலிருந்து ஒரு கூச்சல். அந்த மாதிரி அலறலை எந்தப் பால்காய்ச்சு வீட்டிலும் நான் கேட்டதில்லை. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். குருசாமி நாற்காலியில் ஏறி, அதைப் பிடுங்கிப் பேட்டரியை உருவி எறிந்தான்.

மல்லிகா அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நல்ல நேரத்துல வீடு அலறுது. இதுல நாங் குடியிருக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு ஏதாச்சும் ஆயிரும்.”

“பழைய இடத்துக்கே போவமா?” என்றான் குருசாமி.

அலாரம் சரியாகத்தான் வேலை செய்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து, “அது நல்லதுக்குக் கத்துச்சா, கெட்டதுக்குக் கத்துச்சா? அதச் சொல்லுங்கண்ணே” என்றாள். மறுநாள் மார்கரெட்டிடம் போய்ச் சொன்னேன். பாலை ஏன் வேண்டுமென்றே பொங்கவிட்டார்கள் என்று கேட்டார். வீட்டுக்கு நல்லது என்றேன். வாங்கியவருக்கு அடுப்பு பிடிக்கவில்லையா, மாற்றித் தரச் சொல்லவா என்று கேட்டார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

முடிச்சை அவிழ்த்தது சரஸ்வதி. அன்று சாயங்காலம் என்னோடு அந்தப் புது வீட்டுக்கு வந்து, மல்லிகா பக்கத்தில் உட்கார்ந்து, “ஏட்டி, உங்க ஊரு அம்மன் கோயில்ல பொங்கப்பானை பொங்கையில பொம்பளையாளுக என்ன செய்வீய?” என்று கேட்டாள்.

“குலவை போடுவோம்.”

“இங்க போட நாம ரெண்டு பேருதான் இருந்தோம். ரெண்டு பேரும் வாய மூடிக்கிட்டு நின்னோம். வீடு பாத்துச்சு, தானே போட்டுக்கிடுச்சு.”

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சிரித்தும்விட்டாள். குருசாமி பேட்டரியைத் தேடி எடுத்துப் போட்டு, அலாரத்தைத் திரும்பக் கூரையில் மாட்டினான். ஆயுத பூஜைக்கு மில் இயந்திரத்துக்கு வைப்பதுபோல அலாரத்தின் விளிம்பில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தாள் மல்லிகா. உள்ளே தூள் போனால் கெட்டுவிடும் என்று நான் கீழே நின்று பதறியதை யாரும் காதில் வாங்கவில்லை. வீடு நிலைத்தது. அன்று சரஸ்வதியை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. மல்லிகா போனில் கூப்பிட்டாள். “அண்ணே, நேத்து மோர் வத்தல் வறுத்தேன். மறுபடியும் குலவை போட்டுச்சு. பிள்ளைகளக் கூப்பிட்டு அதுக்குக் கீழ நிக்க வெச்சுக் கும்பிடச் சொன்னேன். சின்னவனுக்கு இப்ப பயமே போயிருச்சு!”

அந்தச் சத்தம் கேட்டால் ஓட வேண்டிய பிள்ளைகள், கைகூப்பி அதன் கீழே நிற்கிறார்கள். குலவை என்று சொல்லித்தான் வீட்டைக் காப்பாற்றினோம். குலவை இல்லை என்றால் மறுபடியும் அபசகுனம், பேட்டரி குப்பைக்குப் போய்விடும். குலவை என்றே விட்டுவைத்தால், என்றைக்காவது நிஜமாகவே புகை சூழ்கிறபோது அந்த நாலு பேரும் சாமி கும்பிட்டபடி நிற்பார்கள். “நீங்கதான தரகரு, நயமாச் சொல்லுங்க” என்றாள் சரஸ்வதி. நயமாகச் சொல்லிச் சொல்லியே பிழைத்த வாய் என்னுடையது. இதை நயமாகச் சொல்ல எந்த வழியும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மட்டும் போனேன். தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். எதற்கு என்று கேட்டால் எனக்கே விளங்கவில்லை. மல்லிகா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, புது வீட்டின் நடுக்கூடத்தில் நின்று, பதினைந்து வருடத் தொழிலில் சொல்லாத சொல்லைச் சொன்னேன். “மல்லிகா, இந்த வீடு தீப்பிடிக்கும்னு வெச்சுக்க.” அவள் சட்டென்று வாயில் கைவைத்தாள். நான் நிறுத்தவில்லை. “குலவைன்னே இருக்கட்டும். ஆனா குலவை போட்டா சாமி வெளிய வரும்ல? அப்ப நாமளும் வெளியதான் நிக்கணும். கேட்ட ஒடனே பிள்ளைகளத் தூக்கிட்டு ஓடிரு. வாசலுக்கு வெளிய இருக்குற அந்தத் தபால் பெட்டிக்கிட்ட நின்னு தலைய எண்ணு. ஒரு ஆளு கொறைஞ்சாலும் நீ திரும்ப உள்ள வரக் கூடாது, கத்தி ஆளக் கூப்பிடணும்.” பாதி பொய், பாதி வகுப்பில் படித்தது. எது எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் வாயிலிருந்து கையை எடுத்து, “ஒரு தடவ செஞ்சு பாத்துருவோம்” என்றாள்.

நாற்காலியில் ஏறிப் பொத்தானை அழுத்தினேன். வீடு அலறியது. மல்லிகா சின்னவனை இடுப்பில் அள்ளிக்கொண்டாள், குருசாமி பெரியவளை இழுத்துக்கொண்டான். செருப்புகூடப் போடாமல் நால்வரும் பனிக்குள் ஓடினார்கள். வாசற்கதவு திறந்தே கிடந்தது. குளிர் காற்று கூடத்துக்குள் வந்து சாமி படத்தின் மாலையை ஆட்டியது. நாற்காலி மேல் நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்தேன். தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துத் துள்ளும் என் ஊர்க்காரர்கள், எதிர்வீட்டு ஜன்னலில் திரையை விலக்கிப் பார்க்கும் முகம். விரலை எடுத்தால் சத்தம் நின்றுவிடும், அவர்கள் உடனே திரும்பி வந்துவிடுவார்கள். எடுக்காமல் இருந்தால் நான் வெளியே போக முடியாது. யாருடையதோ ஒரு வீட்டின் நடுவே, கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மல்லிகா விரலை நீட்டித் தலைகளை எண்ணினாள். திகைத்து நின்று மறுபடியும் எண்ணினாள். வாசலை நோக்கி இரண்டடி ஓடி வந்தவளைக் குருசாமி கையைப் பிடித்து நிறுத்தினான். அங்கே நின்றபடியே, அலாரத்தையும் மீறி, கூமாப்பட்டி வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினாள்.

“அண்ணே! ஒரு ஆளு கொறையுது! நீங்க இன்னும் உள்ளதான் இருக்கீய!”