கல்யாண வீடியோவில் பின்னால் போன முகங்கள்

கல்யாண வீடியோ தொழிலில் பாராட்டு எடுத்தவருக்குப் போகும், ஏச்சு கடையில் உட்கார்ந்திருப்பவருக்கு வரும். குடும்பத்தோடு கடை நடத்துகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கடை வண்ணார்பேட்டையில். 3டி டிவி வந்த புதிதில் என் வீட்டுக்காரர் ஒரே பலகையில் இரண்டு கேமராவைப் பூட்டிக் கல்யாணங்களை எடுத்தார். இப்போது அந்த டிவியே விற்பனையில் இல்லை. எடுத்ததைப் பார்க்க வழியில்லாமல் ஒவ்வொருவராக வருகிறார்கள். அவர் வெளி வேலைக்குப் போய்விடுவார். ஒரு வீட்டார் சொல்லித்தான் அடுத்த கல்யாணம் கிடைக்கிற தொழில் என்பதால், வருகிறவர்களை நான் முகம் கோணாமல் அனுப்ப வேண்டும்.

இரண்டு மாப்பிள்ளை

வள்ளியூர் அம்மா ஒருவர் பென்டிரைவை மேசையில் எறியாத குறையாக வைத்தார். சாதாரண டிவியில் போட்டால் திரை இரண்டாகப் பிரிந்து, ஒரே காட்சி பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறது. "எம் மகளுக்கு ரெண்டு மாப்பிள்ளையான்னு சம்பந்தி வீட்டுல கேக்காவ" என்றார்.

ஒன்று இடது கண்ணுக்கு, மற்றது வலது கண்ணுக்கு என்று விளக்கினேன். பாதிதான் கேட்டார்.

"நீ இரும்மா. அண்ணாச்சி வரட்டும். இதெல்லாம் பொம்பளைக்குத் தெரியுத விஷயமா?"

எட்டாம் வகுப்பு

அண்ணாச்சிக்கும் தெரியவில்லை. இணையத்தில் தேடி, இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளை நான்தான் இறக்கினேன். அதில் பொத்தான் கிடையாது. என்ன செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்தில் வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்கிரிப்ட் என்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து எழுத்தாக நோட்டில் பார்த்து எழுதிப் பழகினேன். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் திரை கறுப்பாகவே கிடக்கும்.

மூன்று வாரம் கழித்துப் படம் ஓடியது. சிவப்பும் நீலமும் ஒட்டிய அட்டைக் கண்ணாடி போட்டால் எந்த டிவியிலும் 3டி தெரியும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார்.

"நான் நல்லா எடுத்திருக்கப் போய்த்தான உனக்கு ஓடுது."

கண் ஆஸ்பத்திரி

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். மகன் கல்யாண வீடியோவைப் பார்த்தால் தலை வலிக்கிறது என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர். "சார், உங்க கண்ணுலதான் கோளாறு" என்று என் வீட்டுக்காரர் அனுப்பிவிட்டார். இப்போது நான் மாற்றிக் கொடுத்ததிலும் அதே தலைவலி. கண் ஆஸ்பத்திரிக்குப் போய், மூக்குக் கண்ணாடியும் மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"டாக்டர் கண்ணு நல்லாருக்குங்கார். உங்க வீட்டுக்காரர் கோளாறுங்கார். நான் யார நம்பட்டும்மா?"

உவரிக்காரர்

உவரியில் படகு வேலை பார்க்கிறவர். மனைவி இறந்து ஒரு வருஷம். அவள் நடக்கிறதும் சிரிக்கிறதும் இருப்பது மாதா கோயிலில் எடுத்த கல்யாண வீடியோவில் மட்டும்தான். கடையிலேயே போட்டுக் காட்டினேன்.

"பின்னால உள்ள மெழுகுவர்த்தி எல்லாம் முன்னால நிக்கி. இவ முகம் மட்டும் உள்ள குழிஞ்சு போவுது. எக்கா, இவ ஏன் தள்ளித் தள்ளிப் போறா?"

அட்டைக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். திரும்பப் போடும்போது தலைகீழாக மாட்டிக்கொண்டார். சிவப்பு இருக்க வேண்டிய கண்ணுக்கு நீலம் போய்விட்டது. சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"பேசாதிய எக்கா. இப்பதான் கிட்ட வந்திருக்கா."

யாருடைய இடது?

அன்றைக்குத்தான் புரிந்தது. இடது கேமராப் படம் வலது கண்ணுக்குப் போயிருக்கிறது. அதனால்தான் பின்னால் உள்ளது முன்னாலும், முன்னால் உள்ளது பின்னாலும் தெரிகிறது. கேமராக்களுக்கு இடது, வலது என்று எப்படிச் சீட்டு ஒட்டினீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். போட்டோ எடுக்கிறவர்களின் இடதும் வலதும் எதிரே நிற்கிறவருடையது. 'தலையை இடப்பக்கம் சாய்ங்க' என்று சொல்லியே பழகியவர், பொண்ணு மாப்பிள்ளை நிற்கிற இடத்தில் நின்று பார்த்து ஒட்டியிருக்கிறார். அத்தனை கல்யாணமும் மாறிக் கிடக்கிறது.

ஸ்கிரிப்டில் ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். உவரிக்காரருக்கு உடனே மாற்றிக் கொடுத்தேன். எல்லாரையும் கூப்பிட்டு நம் தப்பு என்று சொல்லிவிடுவோம், வாத்தியாருக்காவது கண் நல்ல கண்தான் என்று தெரியட்டும் என்றேன். "சொன்னா நாளைக்கு எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? பைய மாத்திக் குடுத்துட்டு வாய மூடிட்டு இரி" என்றார்.

மாற்றிக் கொடுத்தேன். வாயை மூடிக்கொண்டும் இருந்தேன். ஒரு வாரம் கழித்து வாத்தியார் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். என்னைத் தாண்டிப் போய் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவலி போச்சு. புதுக் கண்ணாடி இப்பதான் கண்ணுக்குப் பழகிருக்கு. நீங்க அன்னைக்கே சொன்னீங்க அண்ணாச்சி, நான்தான் நம்பல."

ஆக, தப்பாக எடுத்தவர் கண் டாக்டராகவும் ஆகிவிட்டார், திருத்தியவள் இன்னமும் அண்ணாச்சி வரும்வரை கடையைப் பார்த்துக்கொள்கிறவள்தான்.